மூன்று முறை ஊதினால்

நேஸ்விக்,
19 செப்டம்பர்

தம்பி ஹால்வர்,

போன் செய்து அலுத்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதாக இல்லை. எடுத்தால் திட்டுவேன் என்று பயமா? சரியாகத்தான் பயந்திருக்கிறாய். அதனால் காகிதத்தில் திட்டுகிறேன்.

பக்கத்து வீட்டுக் குட்முன் அண்ணனுடைய நாய் கைசாவை நீ சுட்டுவிட்டாயாமே. என் சொந்தத் தம்பி செய்த காரியத்தை மீன்கடையில், தராசுக்கு முன்னால் நின்று தெரிந்துகொண்டேன். கடைக்காரி கேட்கிறாள்: "உங்க தம்பி அந்த நாயை ஓநாய்னு நெனச்சுட்டாராமே? உங்க தீவுல அரசாங்கமே ஓநாய் விட்டிருக்காமே, நெசமாவா?" நான் காட் மீனை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஓநாயாம்! நாலு பக்கமும் கடல் உள்ள தீவுக்கு அது எப்படி வந்தது, படகில் டிக்கெட் எடுத்தா? யாரோ போனில் எதையோ போட்டிருப்பார்கள், நீயும் வாயைப் பிளந்துகொண்டு நம்பியிருப்பாய்.

செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் நான் என்ன வகுப்பு எடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பொய்ச் செய்தியைக் கண்டுகொள்வது எப்படி என்று ஊரே வந்து கற்றுக்கொண்டு போகிறது. முதல் விதியே 'போட்டது யார் என்று பார்' என்பதுதான். அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது. பேப்பரில் இத்தனை வருஷமாக வேலை செய்கிறவளின் தம்பி, அந்த ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அப்பா இறந்த வருஷம் நம் புல்லையும் சேர்த்து அறுத்துக் கொடுத்தவர் குட்முன் அண்ணன். அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பாய்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதில் எழுது.

அக்கா போர்கில்ட்


ஸ்கார்வோய்,
24 செப்டம்பர்

அக்கா,

இங்கே மழை. காற்றும் இருப்பதால் படகு சரியாக வருவதில்லை.

போனை எடுக்காததற்குக் காரணம் பயமில்லை. நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. அதனால் இப்போது முழுவதையும் கேள்.

மலையிலிருந்து ஆடுகளை இறக்க வேண்டிய வாரம். வடக்குச் சரிவில் இரண்டு ஆடுகள் வயிறு கிழிந்து கிடந்தன. கழுகாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று மாலை ஸ்டைனார், நம் தீவுக்காரர்களின் போன் குழுவில் ஒரு படம் போட்டான். பேப்பரில் வந்த செய்தியின் படம். மலையின் வடக்குச் சரிவில் இரண்டு ஜோடி ஓநாய்களை அரசு கொண்டுவந்து விடப்போகிறது, அதிகாரி பேட்டி கொடுத்திருக்கிறார், ஆட்டுக்காரர்களிடம் கேட்கத் தேவையில்லை என்கிறார். அடுத்த நிமிஷம் தீவே கொதித்தது.

உன் முதல் விதி எனக்கும் தெரியும் அக்கா. போட்டது யார் என்று பார்த்தேன். பத்தியின் ஓரத்தில் அந்த நீலப் படகுச் சின்னம் இருந்தது. உங்கள் பேப்பர். நீ வேலை செய்கிற பேப்பர். பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன், அதே எழுத்து. அந்தப் படத்தை உன் போனுக்கும் அனுப்பியிருக்கிறேன், நீயே பார். தீர விசாரிப்பதே மெய் என்பாய் அல்லவா? விசாரித்தேன். மெய்யாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வேலியருகே குட்முன் அண்ணனைப் பார்த்தேன். "மேகம் கீழ இறங்குதே" என்றார். "மதியத்துக்குள்ள தெளிஞ்சிடும்" என்றேன். தலையாட்டிக்கொண்டு பிரிந்தோம்.

தெளியவில்லை. மேல் பட்டியருகே போனபோது மூடுபனி அப்பிக்கொண்டிருந்தது. ஆடுகள் திடீரென்று ஒரு பக்கமாக ஓடின. அவற்றின் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. சுட்டேன். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் கழுத்துப்பட்டை தெரிந்தது. கைசா மான் வேட்டை நாய் அல்லவா, மான் வாடை பிடித்து வந்திருக்கிறாள்.

வெடிச்சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். கைசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போலீஸுக்கும் அவர் போகவில்லை. ஆடு இறக்க வரவும் இல்லை. அவர் இல்லாமல் வடக்குச் சரிவு ஆடுகளை யாராலும் சுற்றி வளைக்க முடியாது என்று உனக்கே தெரியும். என் ஆடுகள் பாதி இன்னும் மேலேதான் நிற்கின்றன.

உன் மாணவர்களுக்கு என் வணக்கம் சொல்.

ஹால்வர்


நேஸ்விக்,
28 செப்டம்பர்

தம்பி,

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே நின்றபடி படித்தேன். உடனே பழைய பேப்பர்களைத் தேடினேன். கிடைத்தது.

அது ஏப்ரல் முதல் தேதிப் பேப்பர், ஹால்வர். வருஷா வருஷம் அன்றைக்கு நாங்கள் ஒரு கட்டுக்கதை போடுவோம், மறுநாள் ஒத்துக்கொள்வோம். நாட்டில் எல்லாப் பேப்பரும் செய்வதுதான். மக்களும் அதற்காகவே காத்திருந்து படிப்பார்கள். இந்த வருஷத்துக் கதை ஓநாய். எங்கள் ஆட்களில் யாரோ எழுதியது. மறுநாள் 'ஏமாந்தீர்களா' என்று நாலாம் பக்கத்தில் போட்டும் இருக்கிறோம்.

நீ பார்த்த படத்தில் மேல் ஓரமும் இல்லை, தேதியும் இல்லை. வெட்டிய படம். சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன் தேதியைப் பார்க்க வேண்டாமா? ஏப்ரல் என்று தெரிந்தால் சின்னப் பிள்ளைகூடச் சிரித்திருக்கும்.

சரி, இதற்கு மேல் திட்டவில்லை. ஆசிரியரிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை விளக்கம் வருகிறது. அதைப் படித்தால் தீவில் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். குட்முன் அண்ணனும் நடந்தது என்ன என்று புரிந்துகொள்வார்.

நீ சாப்பிடுகிறாயா? ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் போட்டு ஒரு பெரிய பானையாக வைத்துக்கொள், நாலு நாள் தாங்கும்.

போர்கில்ட்


ஸ்கார்வோய்,
4 அக்டோபர்

அக்கா,

ஏப்ரலில் நான் பேப்பர் படித்திருப்பேன் என்று நினைத்தாயா? அது குட்டி போடும் மாதம். கொட்டகையிலேயே கிடந்தேன். வருகிற பேப்பரெல்லாம் பிரிக்காமல் அடுப்புப் பக்கத்துப் பெட்டிக்குப் போகும், விறகு பற்றவைக்க.

உன் கடிதம் வந்ததும் அந்தப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் இருந்தது. தேதியோடு, முழுசாக. படத்தில் இல்லாத கடைசிப் பத்தியும் இருந்தது.

'ஆட்டுக்காரர்கள் சனிக்கிழமை படகுத்துறைக்கு வந்து இலவச விசில் பெற்றுக்கொள்ளலாம். மூன்று முறை ஊதினால் திரும்பி நடக்க ஓநாய்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. நாலாவது முறை ஊத வேண்டாம்.'

எங்கள் ஆட்களில் யாரோ எழுதியது என்றாயே. யாரோவா?

எனக்கு ஏழு வயது. படகுக் கொட்டகைக்குத் தனியாகப் போகப் பயந்து நின்றபோது ஒருத்தி சொன்னாள்: "மூணு தடவை விசிலடிடா, ஓநாய் திரும்பிப் போயிடும். நாலாவது தடவை மட்டும் அடிச்சிடாதே, விருந்துக்குக் கூப்பிடுறன்னு நெனச்சுக்கும்." ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணி எண்ணி விசிலடித்தேன். நாட்டில் வேறு யாருக்கு அக்கா இந்த விசில் தெரியும்?

உன் பெயரைப் போட்டு எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எழுதியது நீ. சுட்டது நான். திட்டு வாங்கியது மட்டும் நான் ஒருவன்.

உங்கள் விளக்கம் வியாழக்கிழமை வந்தது. கார் டயர் விளம்பரத்துக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு. அதையும் ஸ்டைனார் குழுவில் போட்டான். என்ன எழுதினான் தெரியுமா? "பாத்தீங்களா, மூடி மறைக்கிறாங்க. நெருப்பில்லாம புகையுமா?" முன்னே இருவர்தான் துப்பாக்கியோடு மலையேறினார்கள். உன் விளக்கத்துக்குப் பிறகு ஆறு பேர் போகிறார்கள். பனி இன்னும் விலகவில்லை. அடுத்த வாரம் பள்ளி விடுமுறை, பிள்ளைகள் பெர்ரி பறிக்க மேலே ஓடுவார்கள். இந்தத் தடவை நாயோடு போயிற்று.

என் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டேன். அவர்கள் துப்பாக்கியை யார் பூட்டுவது?

ஹால்வர்


நேஸ்விக்,
8 அக்டோபர்

ஹால்வர்,

நான்தான் எழுதினேன்.

மூன்று நாளாக இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். அந்தக் கதையை எழுதியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இது நான் எழுதியதில் நல்லது என்று நினைத்தேன். இப்போது படித்தாலும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இன்னும் மோசம்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒன்று செய்தேன். யார் எழுதியது, எப்போது என்று எதுவும் சொல்லாமல் ஸ்டைனாரின் படத்தைத் திரையில் போட்டேன். "நம்ம விதிப்படி சோதிச்சுப் பாருங்க" என்றேன். போட்டது யார்? தெரிந்த பேப்பர். சரி. பேர் சொல்லி யாராவது பேசியிருக்கிறார்களா? அதிகாரி பேசியிருக்கிறார். சரி. எழுத்துப்பிழை? ஒன்றுகூட இல்லை, நானாயிற்றே. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருகிறார், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "உண்மைதாங்க. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?" அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

தேதி எங்கே, மிச்சப் பத்தி எங்கே என்று யாருமே கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? என் விதிகளில் அது இல்லை. உன்னிடம் தேதியைப் பார்க்க வேண்டாமா என்று எகிறினேனே, அதை நான் யாருக்குமே கற்றுக்கொடுத்ததில்லை. ஊருக்கு உபதேசம் செய்தவளின் உபதேசத்திலேயே ஓட்டை.

ஆசிரியரிடம் முதல் பக்கம் கேட்டேன். "போட்டாச்சே போர்கில்ட், ஒரு ஜோக்குக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேக்குறது?" என்கிறார். என்னால் வேலையில் உட்கார முடியவில்லை. போன் அடித்தால் தீவிலிருந்து ஏதோ கெட்ட செய்தி என்று எழுந்து நின்றுவிடுகிறேன்.

என்ன செய்யட்டும், சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

அக்கா


ஸ்கார்வோய்,
12 அக்டோபர்

அக்கா,

நேற்று ஸ்டைனார் புதருக்குள் சாம்பல் நிறத்தில் அசைந்த ஒன்றைக் குறிவைத்தான். அது தும்மியது. கடைக்கார இங்கெபியோர் அம்மா, சாம்பல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பெர்ரி பறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருந்ததால் உயிரோடு இருக்கிறாள். ஸ்டைனார் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான், ஆனால் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குட்முன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பேப்பரை நீட்டினேன். வாங்கக்கூட இல்லை.

"இது தெரியும். ஏப்ரல்லயே படிச்சிட்டேன். அந்த விசிலைப் படிச்சிட்டு நான் சிரிச்ச சிரிப்புல கைசா பயந்துபோய்க் குரைச்சா."

"அப்போ உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாம? நான் உங்க போன் குழுவுலயும் இல்ல, எதுலயும் இல்ல. பேப்பர் மட்டுந்தான் படிக்கிறேன், தேதியில இருந்து மரண அறிவிப்பு வரைக்கும்." கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்குக் காலையில வேலிகிட்ட நின்னியே ஹால்வர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா. 'ஓநாய்ங்கிறாங்களே அண்ணே, நெசமா'ன்னு."

"நீங்க மேகத்தைப் பத்திப் பேசினீங்க."

"ஆமா. நானும் உன் தோள்ல துப்பாக்கியைப் பாத்தேன். எதுக்குடான்னு கேக்கல."

அக்கா, நாம் எல்லோருமே இப்படித்தானே. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் முதலில் காற்றின் திசையைப் பற்றித்தான் பேசுவோம். மனதில் கிடப்பதைக் கேட்பதென்றால் அடுத்தவன் வீட்டுக்குள் காலை வைப்பது போலத் தயங்குவோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்குத் தெரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற மனுஷனைக் கேட்கத் தெரியவில்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். வருகிற சனிக்கிழமை, இறக்கிய ஆடுகளை அவரவர் ஆடாகப் பட்டியில் பிரிக்கும் நாள். அண்ணன் வடக்குச் சரிவை வளைக்க வருகிறேன் என்றிருக்கிறார், எனக்காக இல்லை, ஆடுகளுக்காக. தீவே பட்டியில் இருக்கும். நீ வா. உன் கதையை முதல் வரியிலிருந்து நாலாவது விசில் வரை உன் வாயால் வாசி. விளக்கம் எழுதினால் யாரும் நம்புவதில்லை. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

கம்பளிச் சட்டை எடுத்து வா.

ஹால்வர்


நேஸ்விக்,
20 அக்டோபர்

அன்புத் தம்பி,

படகில் ஏறியதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று துடித்தேன். பட்டியில் நாம் பேசிக்கொள்ளவே இல்லையே. நீ கையில் ஒரு காப்பியைக் கொடுத்துவிட்டு ஆடு பிடிக்கப் போய்விட்டாய்.

ரொட்டிப் பெட்டிமேல் ஏறி நின்றேன். வாசித்தேன். அதிகாரி பேட்டி வரும்வரை யாரும் அசையவில்லை. விசில் வந்ததும் சிரித்தார்கள். ஹால்வர், உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஒரு கணம் என் மனசு குளிர்ந்தது. எழுதுகிறவள் புத்தி அப்படி. பிறகு சிரிப்பு ஒரு மூலையிலிருந்து அணையத் தொடங்கியது. குட்முன் அண்ணன் வேலியில் சாய்ந்து நின்றார். காலடியில் கைசா இல்லாமல் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் நீ சொன்னாய். "கைசாவை நான் இதை நம்பித்தான் சுட்டேன்." அவ்வளவுதான் சொன்னாய். என் வாசிப்பு செய்யாததை உன் ஒரு வரி செய்தது.

ஸ்டைனாரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் இறங்கி வந்ததும் தனியாகக் கூப்பிட்டான். "நான்தான் படம் எடுத்தேன். எங்க வீட்டு அடுப்புப் பெட்டியில கிடந்துச்சு, மேல்பக்கம் ஏற்கெனவே கிழிஞ்சு போயிருந்துச்சு. கடைசிப் பத்தியை மட்டும் நானா விட்டேன்" என்றான். ஏன் என்றேன். "விசில் அது இதுன்னு இருந்தா யாரும் நம்பமாட்டாங்கன்னுதான்." அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது சத்தியமான செய்தி. மற்றவர்களும் நம்ப வேண்டுமே என்ற அக்கறையில் சந்தேகம் வரக்கூடிய ஒரே இடத்தை வெட்டி எறிந்திருக்கிறான். இத்தனை வருஷம் வகுப்பெடுத்தும் இப்படி ஒருவனை நான் யோசித்ததே இல்லை. பொய் பரப்புகிறவன் அயோக்கியனாக இருப்பான் என்றே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன்.

அவனுடைய மாமா இன்னும் நம்பவில்லை. "உன்னை வாசிக்கச் சொல்லி எவ்வளவு கொடுத்தாங்க?" என்று கேட்டார். மற்றவர்கள் துப்பாக்கி இல்லாமல் இறங்கிப் போனதை எண்ணிப் பார்த்துக்கொண்டேதான் படகேறினேன்.

படகுத்துறையில் குட்முன் அண்ணன் என் பையைத் தூக்கிக் கொடுத்தார். "அடுத்த ஏப்ரல்ல எழுதுவியா?" என்றார். இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றேன். "எழுது. இந்த ஊர்ல சிரிக்க வேற என்ன இருக்கு? தேதியை மட்டும் மேல போடாதே. கதைக்கு நடுவுல போடு. வெட்டுறவன் கதையையும் சேர்த்து வெட்டணும்." நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் மரம் போல நின்றார், பாவம்.

அவர் உன்னோடு பேசினாரா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஸ்கார்வோய்,
3 நவம்பர்

அக்கா,

முதல் பனி விழுந்துவிட்டது. ஆடுகள் எல்லாம் உள்ளே வந்தாயிற்று. அந்த இரண்டையும் கழுகுதான் கிழித்திருக்கிறது, கூட்டருகே கம்பளி கிடந்ததாம்.

அவர் பேசினாரா என்று கேட்டாய். பட்டி நாளுக்குப் பிறகு பேசவில்லை. இன்று காலை வேலியருகே வந்தார். "பனி சீக்கிரம் வந்திடுச்சு" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். கால் நகரவில்லை.

"அண்ணே, குளிர்காலத்துல படகை நிறுத்தப்போறாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னது?"

"கடையில பேசிக்கிட்டாங்க."

"எவன்கிட்ட இருந்து வந்துச்சு?" என்று ஆரம்பித்தார். இருவருமாகத் தோண்டினோம். இங்கெபியோர் அம்மாவுக்கு அவள் மருமகன் சொல்லியிருக்கிறான், அவனுக்கு யார் சொன்னது என்று இருவருக்கும் தெரியவில்லை. படகுக்காரனையே கேட்டுவிடுவது என்று முடிவானது. அதற்குள் குளிரில் கை மரத்துவிட்டது. அடுப்பில் காப்பி இருக்கிறது என்றேன். ஒரு நிமிஷம் நின்றார், பிறகு வேலியைத் தாண்டி வந்தார்.

முற்றத்தில் பாதி தூரம் வந்ததும் திரும்பி மலைப்பக்கம் பார்த்து விசிலடித்தார். கைசாவைக் கூப்பிடுகிற பழக்கம். அடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை அக்கா. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹால்வர்